பெரிய டயருக்கு மட்கார்டு வெட்டுவது: அளவு முதல் பெயின்ட் வரை

கடலூர் முதுநகரில் நண்பரின் டிங்கர் பட்டறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே கை கொடுப்பேன். "டயர் மாத்தினேண்ணே, திருப்பினா உரசுது, கொஞ்சம் வெட்டி விடுங்க" என்று வருபவர்கள்தான் அதிகம். எந்த இடத்தில் உரசுகிறது என்று கேட்டால் மட்கார்டு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். வெட்டும் வேலை அரை மணி நேரம். எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள்தான் பிறகு தகடு ஒட்டவும் பட்டி பூசவும் அலைகிறார்கள்.

கீழே உள்ள கணக்குகளுக்கு பொலிரோவை உதாரணமாக எடுத்திருக்கிறேன். கம்பெனி டயர் 215/75 ஆர்15, மாற்றுவது 235/75 ஆர்15. பண்ருட்டி முந்திரித் தோப்புக்குள்ளும், தேவனாம்பட்டினம் பக்கம் மணலிலும் வண்டி விடுபவர்கள் கேட்கும் அளவு இதுதான். உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்கள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. கிரைண்டரை எடுக்கும் முன் ஆர்சியை எடுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆகவே முதல் வேலை, உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவுகளை மேனுவலில் பார்ப்பது. உயர் ரக மாடலுக்குக் கொஞ்சம் பெரிய அளவு கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதைத் தாண்டிப் போவதானால், பாடியை வெட்டும் முன்பே வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். டிஎன்-31 என்றால் கடலூரில், பிஒய்-01 என்றால் புதுச்சேரியில். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வெட்டிய பிறகு கேட்டால், "முடியாது" என்ற பதிலை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வெட்டின தகடு திரும்ப வளராது.

2. காகிதத்தில் ஒரு கணக்கு

டயரில் எழுதியிருக்கும் எண்களிலேயே எல்லாம் இருக்கிறது. 215 என்பது அகலம், மி.மீ. கணக்கில். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம், அங்குலத்தில்.

பழைய டயர்: 215-ல் 75 சதவீதம் 161.25. மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம் 15 அங்குலம் என்றால் 381 மி.மீ. மொத்த விட்டம் 703.5 மி.மீ. புதியது: 352.5 கூட்டல் 381, ஆக 733.5 மி.மீ. விட்டத்தில் 30 மி.மீ. வித்தியாசம். மட்கார்டைப் பார்த்து மேலே போவது அதில் பாதிதான், 15 மி.மீ. அகலத்தில் 20 மி.மீ. கூடுகிறது. ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) மாறாவிட்டால் உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 என்று பிரியும்.

இந்த மூன்று எண்களையும் சாக்பீஸால் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். மேலே 15, உள்ளே 10, வெளியே 10. அடுத்து வரும் ஒவ்வொரு முடிவும் இவற்றை வைத்துத்தான்.

ஸ்பீடோமீட்டர் 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைத்துக் காட்டும். முள் 60-ல் நின்றால் வண்டி 62.6-ல் போகிறது. ஈசிஆரில் ஸ்பீடு கேமரா இருக்கும் இடத்தில் இதை நினைவில் வையுங்கள்.

டயரின் லோடு இண்டெக்ஸும் கம்பெனி எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ. ரிம்மின் அகலத்தையும் பாருங்கள். 235 டயருக்கு 6 அங்குலமாவது வேண்டும். அதற்குக் குறைந்த ரிம்மில் மாட்டினால் டயர் நடுவில் புடைத்து, ஓரம் தேயாமல் நடு மட்டும் தேயும்.

இங்கேதான் பலர் ஆசையில் தடுமாறுகிறார்கள். "31 அங்குலமே போட்டுடலாமே" என்பார்கள். 31 அங்குலம் என்றால் 787 மி.மீ. மேலே மட்டும் 42 மி.மீ. போகும். அதற்கு மட்கார்டு வெட்டினால் போதாது. ஸ்டியரிங், கியர் விகிதம், பிரேக் எல்லாம் கேள்விக்கு வரும். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன்.

3. கையில் இருக்க வேண்டியவை

4 அங்குல கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் வீல், ஃபிளாப் வீல், தகடு கத்திரி, மரச் சுத்தி, டாலி (தட்டும்போது தகட்டின் மறுபக்கம் தாங்கலாகப் பிடிக்கும் இரும்புக் கட்டி), ஹீட் கன், மாஸ்கிங் டேப், ஸ்டீல் ஸ்கேல், அரம். ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு நான்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பதும் வேண்டாம். அது எப்போது உடையும் என்று முன்கூட்டிச் சொல்லாது.

வெல்டிங்குக்கு சிஓ2 மெஷின் (மிக் வெல்டிங்) வேண்டும். மட்கார்டு தகடு ஒரு மி.மீ. கூட இருக்காது. கேஸ் வெல்டிங் வைத்தால் சூடு பரவி அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கேஸ் கட்டிங் பற்றிப் பேச்சே வேண்டாம்.

எபாக்சி பிரைமர், வெல்டிங்குக்கு முன் பூசும் சிங்க் பிரைமர், சீலன்ட், அண்டர்கோட்டிங் (மட்கார்டின் உள்பக்கம் அடிக்கும் ரப்பர் பூச்சு) இவற்றை வெட்டும் நாளுக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஏன் என்று 9-ஆம் பகுதியில் புரியும். கண்ணாடி, கையுறை, காதுக்குப் பஞ்சு. தீயணைப்பான் இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். மட்கார்டின் உள்பக்கம் இருக்கும் பழைய அண்டர்கோட்டிங்கும் ஸ்பாஞ்சும் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

இன்னொன்று, காயலான் கடையில் ஒரு பழைய மட்கார்டு. எந்த வண்டியுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. கை பழகுவதற்கு அது வேண்டும்.

4. உண்மையில் எங்கே உரசுகிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, புது டயரை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்து "இடிக்கவே இல்லையே" என்பார்கள். ஜாக்கியில் நிற்கும்போது சக்கரம் கீழே தொங்குகிறது. உரசல் வருவது ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, ஸ்டியரிங் முழுதாகத் திரும்பியிருக்கும்போது. அந்த நிலையை நாமே உண்டாக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். வலமும் இடமும் ஒரே அளவாக இல்லையென்றால் பட்டையோ ஸ்பிரிங்கோ ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதைச் சரி செய்யுங்கள். சாய்ந்த வண்டிக்கு அளவெடுத்து வெட்டினால், ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஒரு மட்கார்டு மட்டும் வாயைப் பிளந்து நிற்கும்.

அடுத்து புது டயரை மாட்டுங்கள். கோலமாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து டயரின் தோள் பகுதியிலும் தரையில் படும் கட்டைகளின் ஓரங்களிலும் தடவி, காய விடுங்கள். சாக்பீஸும் ஆகும், ஆனால் கோலமாவு பட்ட இடம் கருப்பு லைனரில் (மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) பளிச்சென்று தெரியும். நெருக்கமாகத் தெரியும் இடங்களில் களிமண் உருண்டை ஒட்டுங்கள். அது எவ்வளவு தட்டையாகிறதோ அதுதான் உங்களுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி.

இனி வண்டியைக் குறுக்காக ஏற்ற வேண்டும். முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஓர் அடி உயரத்தில், மற்ற இரண்டும் தரையில். கனமான மரக்கட்டைகளை அடுக்கிச் சரிவு கட்டலாம். வாய்க்கால் கரை ஏறும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னால் ஆறு சிமெண்ட் மூட்டை ஏற்றுங்கள், அது 300 கிலோ. ஏற்றிய சக்கரத்தின் ஆர்மோ ஆக்சிலோ பம்ப் ஸ்டாப்பை (ஸ்பிரிங் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தொடவில்லை என்றால் சோதனை முடியவில்லை.

அந்த நிலையிலேயே வண்டியை மெதுவாக, ஒரு முழம் முன்னும் பின்னும் நகர்த்தியபடி ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். வெளியே நின்று ஒருவர் பார்க்க வேண்டும், சக்கரத்துக்கு நேராக அல்ல, பக்கவாட்டில் தள்ளி நின்று. பிறகு எதிர்ப்பக்கக் குறுக்கு. ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கமும் அப்படியே இருக்கும் என்று விடாதீர்கள். இடிபட்டு நிமிர்த்திய பழைய வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை நேராக ஜாக்கியால் தூக்கிப் பார்ப்பது இன்னும் துல்லியமான வழி. ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். அதற்கான கருவியும் பழகிய மெக்கானிக்கும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

சோதனை முடிந்ததும் வெள்ளை பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலும் முன் பக்கம் இரண்டு இடங்களில் படும். ஒன்று பம்பரின் மூலை, மற்றொன்று மட்கார்டின் பின் கீழ்ப்பகுதி, கதவுக்கு முன்னால். புதிதாக வருபவர்கள் வெட்ட ஆசைப்படும் உச்சி வளைவில் பல நேரம் வெள்ளையே இருக்காது.

5. வெட்டாமல் எவ்வளவு தீரும்

வெள்ளை பட்ட இடம் டயரின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முதலில் பிரியுங்கள். முழுதாகத் திருப்பும்போது டயரின் உள் ஓரம் சேஸிலோ ராடிலோ பட்டால், மட்கார்டை எவ்வளவு வெட்டினாலும் பயனில்லை. அதற்கு ஸ்டியரிங் ஸ்டாப்பரைச் சற்றுக் குறைக்கச் சொல்ல வேண்டும், அல்லது ஆஃப்செட் குறைந்த ரிம். முதலாவதில் வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும். புதுச்சேரி வெள்ளை நகரத் தெருக்களில் திருப்பும்போது அது தெரியும். இரண்டாவதில் டயர் வெளியே தள்ளும், பிரச்சினை வெளி விளிம்புக்கு மாறும்.

பம்பர் மூலையும் பிளாஸ்டிக் லைனரும் பட்டால், லைனரை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே தள்ளினாலே போதுமானதாக இருக்கலாம். பம்பரின் பிளாஸ்டிக் மூலையைச் சீவுவது இரும்பைத் தொடுவதை விட மேல். கதவுக்கு முன்னால் இருக்கும் தகட்டு இணைப்பு துருத்திக்கொண்டு நின்றால் அதைச் சுத்தியால் மடித்துப் படிய வைக்கலாம். இந்த மூன்றையும் செய்துவிட்டு 4-ஆம் பகுதியின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 15 மி.மீ. கணக்குக்கு முன்பக்கம் இதோடு முடிந்துவிடும் வண்டிகள் நிறைய.

"ஸ்பேசர் போட்டு வண்டியைத் தூக்கிட்டா உரசாதுல்ல?" இந்தக் கேள்வி வாராவாரம் வரும். ஸ்பேசர் என்பது வண்டியை உயர்த்த ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் கட்டை. தூக்கினால் வண்டி நிற்கும் உயரம் மாறும். ஆனால் பள்ளத்தில் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சக்கரம் பழைய இடத்துக்கேதான் வரும். பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்துக் கீழே இறக்கினால்தான் அந்த இடம் மாறும். நின்ற நிலையில் அழகாக இருக்கும் வண்டி முதல் ஸ்பீடு பிரேக்கரில் கறக் என்று சொல்வது இதனால்தான்.

6. கோடு போடுவது

இத்தனைக்கும் பிறகும் உரசினால்தான் வெட்டு. எவ்வளவு? டயர் முழுதாக மேலே வந்த நிலையில் தகட்டுக்கும் டயருக்கும் நடுவே 20 மி.மீ. இடைவெளி நான் விடுவேன். டயரில் ஒட்டும் செம்மண்ணுக்கும், வளைவில் டயர் பிதுங்குவதற்கும் அது வேண்டும்.

விளிம்பிலிருந்து அளந்து கோடு போடாதீர்கள். சக்கரத்தின் நடுவை மையமாக வைத்து, ஒரு மரச்சட்டத்தில் ஆணியும் பென்சிலும் வைத்துக் காம்பஸ் மாதிரி வளைவு போடுங்கள். கம்பெனி விளிம்பு எப்போதும் சக்கரத்துக்குச் சமமான வட்டமாக இருக்காது. அதையே பின்பற்றினால் தேவையில்லாத இடத்தில் அதிகமும் தேவையான இடத்தில் குறைவுமாக வெட்டு விழும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மறுபக்கத்துக்கு அட்டையில் வார்ப்பு எடுத்துத் திருப்பி ஒட்டுங்கள். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோடு கோணலாக இருப்பது இரண்டாவது பார்வையில்தான் தெரியும்.

7. முன் மட்கார்டு முதலில்

முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கிறது. தவறினால் வேறு வாங்கி மாட்டிவிடலாம். பின்பக்கம் பாடியோடு வெல்டிங் ஆனது, தவறினால் பெரிய வேலை. அதனால் காயலான் கடைத் தகட்டில் பழகிய கை முன் மட்கார்டுக்குப் போகட்டும். பின்பக்கம் கடைசி.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். லைனரைக் கழற்றி, உள்ளே ஓடும் வயர், பிரேக் ஹோஸ், வாஷர் குழாய் எல்லாவற்றையும் ஓரம் கட்டி, ஈரச் சாக்கால் மூடுங்கள். கண்ணாடியின் மீதும் ஈரத் துணி போடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் ஒட்டினால் புள்ளி புள்ளியாக நிற்கும், தேய்த்தாலும் போகாது.

உரசல் கொஞ்சம்தான் என்றால் விளிம்பின் உதட்டை உள்ளே மடித்தாலே போதும். ஹீட் கன்னால் கை வைத்தால் சுடும் அளவுக்குச் சூடேற்றுங்கள், 60 டிகிரி போல. குளிர்ந்த பெயின்ட் மடிப்பில் வெடிக்கும், வெடிப்புக்குள் உப்புக் காற்று போகும். டாலியை வெளியே வைத்து, உள்ளிருந்து மரச் சுத்தியால் தட்டுங்கள். ஒரே இடத்தில் முழுதாக மடிக்காமல், வளைவு முழுக்க கொஞ்சம் மடித்து, திரும்ப முதலிலிருந்து இன்னும் கொஞ்சம். நான்கைந்து சுற்றில் படிந்துவிடும்.

வெட்டுவதானால் கோட்டுக்கு 15 மி.மீ. கீழே வெட்டி, மிச்சத்தில் 3 செ.மீ.-க்கு ஒரு கீறல் போட்டு உள்ளே மடியுங்கள். நேராக வெட்டி விட்டுவிட்டால் விளிம்பு பிளேடு மாதிரி நிற்கும், தகடும் அதிரும். அந்த மடிப்புதான் மட்கார்டுக்கு எலும்பு.

8. பின் மட்கார்டு: இரண்டு தகடு என்பதை மறக்காதீர்கள்

பின்பக்கம் வெளித் தகடு ஒன்று, உள் தகடு ஒன்று. விளிம்பில் இரண்டும் சேர்ந்து புள்ளி வெல்டிங்கில் நிற்கின்றன. மேலே போகப் போக இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலும். விளிம்பை வெட்டினால் அந்த இணைப்பும் போய்விடும். பாடியின் பலத்தில் ஒரு பங்கு அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

நான் பார்த்த தவறுகளில் பெரியது, இரண்டு தகட்டையும் ஒரே கோட்டில் ஒரே வெட்டாக வெட்டுவது. அப்புறம் நடுவில் விரல் நுழையும் பிளவு தெரியும், அதை மூட இரும்பு இருக்காது. என் முதல் வண்டிக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்தார்கள். பிளவைப் பட்டியால் அடைத்து, மேலே கருப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்தபோது பட்டி கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. உள்ளே தகடு முறுக்கு மாதிரி நொறுங்கியது.

சரியான வரிசை இது. முதலில் வெளித் தகட்டை மட்டும் கோட்டில் வெட்டுங்கள், கட்டிங் வீலை ஆழமாக இறக்காமல். இப்போது உள் தகடு கண்ணுக்குத் தெரியும். அதை வெளிக் கோட்டை விடக் கீழே வெட்டுங்கள். எவ்வளவு கீழே என்பது அங்கே இருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி 20 மி.மீ. என்றால் 20-ஓடு மடிப்புக்கு இன்னும் 10 சேர்த்து 30 மி.மீ. மிச்சம் வையுங்கள். பிறகு உள் தகட்டில் 3 செ.மீ.-க்கு ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு நாக்கையும் வெளியே மடக்கி வெளித் தகட்டின் உள்பக்கத்தில் ஒட்டும்படி தட்டுங்கள்.

வெல்டிங்குக்கு முன், இரண்டு தகடும் ஒட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி சிங்க் பிரைமர் பூசுங்கள். மூடிய பிறகு அங்கே பிரஷ் போகாது. மெஷினின் எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்கு ஒரு முழத்துக்குள் மாட்டுங்கள். சேஸின் மறுமுனையில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும் தேடிப் போகும். பொட்டுப் பொட்டாக வையுங்கள். ஒரு பொட்டு இந்தக் கோடியில், அடுத்தது அந்தக் கோடியில், பிறகு நடுவில். ஒரே இடத்தில் இழுத்தால் தகடு சூட்டில் நெளியும்.

தொடங்கும் முன் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பல வண்டிகளில் டீசல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் பின் மட்கார்டுக்குள்ளேதான் ஓடுகிறது. அந்தப் பக்கம் குழாயைக் கழற்றி, டேங்க் வாயை அடைத்து, ஓரம் தள்ளிய பிறகே கிரைண்டர். அடுத்தது சீட் பெல்ட் போல்ட். அது உள் தகட்டில் நின்றால் அதன் சுற்றுப்புறத்தைத் தொடாதீர்கள். பின் கதவின் ஓரம் மட்கார்டு வளைவோடு சேர்ந்து வரும் வண்டிகளில், கதவை வெட்ட வேண்டி வந்தால் சின்ன டயருக்குத் திரும்புங்கள்.

9. அன்றே பிரைமர்

மதுரையிலோ கோவையிலோ வெட்டிய இரும்பை ஒரு வாரம் விட்டு வைக்கலாம். நம் ஊரில் முடியாது. மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறும். முதுநகரில் மாலை வெட்டிவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் விளிம்பு மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். அதன் மேல் பிரைமர் அடித்தால் துருவுக்குச் சட்டை போட்ட மாதிரிதான்.

அதனால் ஒரு நாளில் பிரைமர் வரை முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். முதல் ஞாயிறு முன் இரண்டு, அடுத்த ஞாயிறு பின் ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். ஈரம் இருக்கும் தகட்டில் எதுவும் பிடிக்காது. மாசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம்.

வரிசை: அரத்தால் பிசிறு எடுப்பது, தின்னரால் துடைப்பது, எபாக்சி பிரைமர், அது காய்ந்ததும் எல்லா இணைப்பிலும் சீலன்ட், பிறகு பெயின்ட், கடைசியில் உள்பக்கம் அண்டர்கோட்டிங். பட்டி தேவைப்பட்டால் எபாக்சியின் மேல், காகித கனத்துக்கு. வெற்று இரும்பில் நேராக ரப்பர் அண்டர்கோட்டிங் அடிப்பவர்கள் உண்டு. கருப்பாக மூடிவிடும், உள்ளே துரு வேலை செய்வது தெரியாது. மூடிய இரண்டு தகட்டுக்கு நடுவே, இருக்கும் துளை வழியாக மெழுகு ஸ்பிரே அடியுங்கள். கீழே இருக்கும் வடிகால் துளைகளை எதையும் அடைக்காதீர்கள்.

விளிம்புக்கு யு வடிவ ரப்பர் பீடிங் மாட்டுவது பார்க்க முடிந்த வேலை மாதிரி இருக்கும். கடற்கரை வண்டிக்கு எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உப்புத் தண்ணீர் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

10. ஃப்ளேர்

டயர் பாடிக்கு வெளியே துருத்தினால் சேறும் கல்லும் பின்னால் வருபவர் மேல் தெறிக்கும். அதை மூட ஃப்ளேர், அதாவது மட்கார்டின் விளிம்பில் மாட்டும் அகலப் பட்டை, வேண்டும். பெயின்ட் முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். துளை போட்ட உடனே ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பிரஷ்ஷால் பிரைமர் தொட்டு வைத்து, ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூ முடுக்குங்கள். ஃப்ளேருக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் பட்டை இல்லையென்றால், அதிர்விலேயே பெயின்ட்டைத் தின்றுவிடும்.

11. மாட்டி ஓட்டிப் பார்ப்பது

கோலமாவை எடுத்து 4-ஆம் பகுதியின் குறுக்குச் சோதனையை முழுதாகத் திரும்பச் செய்யுங்கள், மூட்டையோடு. வெள்ளை எங்கும் படாவிட்டால் வீல் அலைன்மென்ட், பேலன்சிங். புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையம் பக்கம் பெரிய டயருக்குப் பழகிய கைகள் இருக்கின்றன. ஹெட்லைட்டின் ஒளியைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். வண்டி 15 மி.மீ. உயர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த மாதிரி தெரிந்தால் காற்றைப் பாருங்கள்.

ஸ்டெப்னியும் புது அளவாக இருக்க வேண்டும். பின் கதவில் அது மாட்டும் இடத்தில் பம்பர் இடிக்கிறதா என்று அன்றே பாருங்கள். பஞ்சர் ஆன இரவில் கண்டுபிடிப்பதில் சுகமில்லை.

முதல் ஓட்டம் ஆரோவில் செம்மண் பாதையில், 20 கி.மீ. வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு. உரசல் சத்தம் காதுக்குத்தான் முதலில் தெரியும். பிரேக் போடும்போது வண்டி நிற்க முன்னை விடச் சற்று அதிக தூரம் எடுக்கிறதா என்று காலி ரோட்டில் பாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் வீல் நட்டுகளை, மேனுவலில் உள்ள அளவுக்கு, எதிரெதிராகத் திரும்ப முடுக்குங்கள்.

மணலில் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் நான்கு மட்கார்டின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீர் விட்டு அடியுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் லைனரைக் கழற்றி, டார்ச் அடித்து, வெல்டிங் வைத்த கோட்டைப் பாருங்கள். சீலன்ட்டின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி, எபாக்சி வைத்து, திரும்ப சீலன்ட் போடுங்கள்.